என் அறைக்கு நண்பர் வரலாமா?

வெளிநாட்டுக்குத் தனியாகப் போகும் தன்பாலீர்ப்பு ஆண்கள் விடுதியில் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

பாங்காக்கின் சீலோம் சாலை. இரவு பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சாலாடேங் ரயில் நிலையத்துக்குக் கீழே தள்ளுவண்டிகளில் இன்னும் கோழியை வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்காம் சந்தின் மதுக்கூடங்களிலிருந்து வரும் பாட்டு முக்கியச் சாலை வரை கேட்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நடுத்தர ஹோட்டல். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இருவர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் சென்னைக்காரர், வயது முப்பதை ஒட்டி இருக்கும். மற்றவர் அந்த ஊர்க்காரர். இருவரும் பழகியது அன்று மாலைதான். யாரையும் பார்க்காமல் லிஃப்டை நோக்கி விறுவிறுவென நடக்கும் சென்னைக்காரரை ரிசப்ஷன் பெண்ணின் குரல் நிறுத்துகிறது: "சார், உங்கள் நண்பரின் அடையாள அட்டை?"

நம்மவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. போலீஸுக்குச் சொல்வார்களா, பாஸ்போர்ட்டைக் கேட்பார்களா, அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்று மனம் எங்கெங்கோ ஓடுகிறது. ஊர்க்காரரோ ஒரு சங்கடமும் இல்லாமல் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுகிறார். அதில் பிறந்த தேதி தாய் எழுத்தில் பௌத்த ஆண்டுக் கணக்கிலும், ஆங்கிலத்தில் நம் கணக்கிலும் இருக்கிறது. அந்தப் பெண் அதைச் சரிபார்த்து, ஒரு நோட்டில் அறை எண்ணையும் நேரத்தையும் குறித்து, அட்டையை மேசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கைகூப்பி லிஃப்டைக் காட்டுகிறார். விடிவதற்கு முன் நண்பர் கீழே இறங்கும்போது அறையில் தொலைபேசி ஒலிக்கும். "உங்கள் நண்பர் கிளம்புகிறார், எல்லாம் சரிதானே?" அறைக்காரர் சரி என்று சொன்ன பிறகுதான் அட்டை உரியவரிடம் திரும்பிப் போகும்.

சீலோம் வட்டாரத்து ஹோட்டல்களில் இது நாள்தோறும் நடப்பது. ஆணோடு ஆண் வந்தாலும், ஆணோடு பெண் வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே நோட்டு. ஆனால், ஊரில் ஒவ்வொரு லாட்ஜ் மேனேஜரின் பார்வைக்கும் பயந்து பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி விசாரணை போலக் கேட்கிறது. அந்தப் பயத்தில் அவர்கள் எடுக்கும் அடுத்த முடிவு, ரிசப்ஷனே இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் போவது. இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது.

யார் கண்ணில் படக்கூடாது?

2023 நவம்பரில் இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா விலக்கு அளித்தது. 2024-ல் அந்த நாட்டுக்குப் போன இந்தியர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு அந்த ஊர் தரும் நிம்மதியும் சாதாரணமானதல்ல. தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தாய்லாந்து 1956-லேயே கைவிட்டது. 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவும் வழி பிறந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அந்த உரிமையை முதலில் கொடுத்த நாடு அதுதான்.

அப்படியானால் பயம் எதற்கு? பயம் பாங்காக்கைப் பார்த்து அல்ல. அதே விமானத்தில் வந்திறங்கும் நம் ஊர்க்காரர்களைப் பார்த்து. பிரதூனாம் பக்கத்திலும் சுகும்விட்டின் நானா பகுதியிலும் இந்தியச் சுற்றுலாக் குழுக்களை வாடிக்கையாக ஏற்றும் ஹோட்டல்கள் நிறைய. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு மேசைக்கு ஒரு மேசையில் தமிழ் கேட்கும். அண்ணனின் அலுவலக நண்பர், மாமாவின் லயன்ஸ் கிளப் குழு, பழைய வகுப்புத் தோழர் என எவரும் அங்கே இருக்கக்கூடும். முந்தைய இரவு கூட வந்தவரோடு லிஃப்டிலிருந்து வெளியே வரும்போது எதிரே நிற்பவர் "தம்பி, நீங்க அடையாறுதானே?" என்று கேட்டால், அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது.

இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6 அன்று விலகியது. ஆனால், வீட்டுக்குள் நடக்கும் மிரட்டலும், கட்டாயக் கல்யாணமும், 'குணப்படுத்த' அழைத்துப் போகும் மருத்துவமனையும் அந்தத் தீர்ப்போடு விலகிவிடவில்லை. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்த வழக்கே, பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களுடையது. அந்த வழக்கில்தான் பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'களுக்குத் தடை சொல்லப்பட்டது. இந்தச் சூழலிலிருந்து கிளம்பும் ஒருவர் தன்னைப் பற்றிய செய்தி ஊருக்குப் போகக்கூடாது என்று நினைப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது. குழுப் பயணிகள் தங்காத பகுதி வேண்டும். பாங்காக்கில் சீலோமும் அதை ஒட்டிய சாத்தோனும் அப்படிப்பட்டவை. பகலில் வங்கிகளும் அலுவலகங்களும், இரவில் இரண்டாம், நான்காம் சந்துகளின் கே மதுக்கூடங்களும் நிறைந்த இடம். தனி ஆள் வருவதும், நண்பரோடு திரும்புவதும் அங்கே எவருக்கும் செய்தி அல்ல. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதே சீலோம் சாலையில், பான் சாலை திரும்பும் முனையில் இருப்பது தமிழர்கள் 1879-ல் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில். தாய் மக்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள். நவராத்திரி நாட்களில் அங்கே தமிழ் முகங்கள் கூடும். கோயிலுக்குப் போக விரும்புகிறவர் தாராளமாகப் போகலாம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைப்பவர் தேதியைப் பார்த்து டிக்கெட் எடுக்கலாம்.

அடுத்தது கைப்பேசி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குடும்பத்தில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரே மின்னஞ்சலில் ஹோட்டல் முன்பதிவு செய்தால், 'உங்கள் தங்கல் எப்படி இருந்தது?' என்ற கடிதம் அப்பாவின் போனிலும் வந்து விழும். அம்மாவோடு இருப்பிடத்தைப் பகிரும் வசதி ஆன் ஆகியிருக்கும். எடுக்கும் படங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் ஆல்பத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். அப்பாவின் கிரெடிட் கார்டின் துணை அட்டை என்றால் மாதக் கணக்கில் ஹோட்டல் பெயர் அச்சாகி வரும். லாபியில் மறைந்து மறைந்து நடப்பதைவிட, விமானம் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் பிரித்து வைப்பதில் பத்து மடங்கு பயன் உண்டு.

மேசையில் இருப்பவர் ஏன் கேட்கிறார்?

தாய்லாந்தின் 1979 குடிவரவுச் சட்டப்படி, ஒரு வெளிநாட்டவர் தங்கினால் இடத்தின் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2004-ன் ஹோட்டல் சட்டப்படி, தங்குபவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்கள் அரசுக்குப் படிவம் அனுப்புகின்றனவே, கிட்டத்தட்ட அதுதான். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழைவதற்கு முன்பே இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தங்கும் இடத்தின் முகவரியையும் அதில் கொடுத்தாக வேண்டும். எனவே அரசுக்குத் தெரியாமல் தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசுக்கு அதில் அக்கறையும் இல்லை. அவர்களுக்குத் தேவை பெயரும் முகவரியும்தான்.

இரவில் வரும் நண்பரின் அட்டையை வாங்கி வைப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வயது. தாய்லாந்தில் சட்டப்படி ஒருவர் மேஜர் ஆவது 20 வயதில். அதற்குக் குறைந்தவரை அறைக்கு அனுமதிக்கப் பல ஹோட்டல்கள் மறுத்துவிடும். இரண்டாவது, திருட்டு. அறைக்காரர் தூங்கிய பிறகு பர்ஸும் லேப்டாப்பும் மாயமாகும் கதை உலகத்தின் எல்லாச் சுற்றுலா நகரங்களிலும் உண்டு. அடையாள அட்டை கீழே மேசையில் இருக்கும்போது அது நடப்பது அரிது. அந்த விடியற்காலைத் தொலைபேசி அழைப்பு, நீங்கள் உயிரோடு, நினைவோடு இருக்கிறீர்களா என்று பார்ப்பதற்காகவே. தன்னந்தனியாக வந்திருக்கும் ஒருவரை அந்த நேரத்தில் கூப்பிட்டு விசாரிக்க அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

சில ஹோட்டல்கள் வருபவருக்குக் கட்டணம் கேட்கும். பயணிகள் பேச்சில் அதற்கு 'ஜாய்னர் ஃபீ' என்று பெயர். சில நூறு தாய் பாட் முதல் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். தனி ஆளுக்கு அறை எடுத்துவிட்டு இரவு இன்னொருவரை அழைத்து வரும்போதுதான் பெரும்பாலும் இது முளைக்கும். முன்பதிவு செய்யும்போதே 'இரண்டு பெரியவர்கள்' என்று போட்டுவிட்டால் பல இடங்களில் பேச்சே எழாது. இருவருக்கான வாடகைக்கும் ஒருவருக்கான வாடகைக்கும் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். அட்டை காட்டுவது மட்டும் அப்போதும் தொடரும், தொடரவும் வேண்டும்.

கட்டணம் வாங்குவது தவறென்று சொல்ல மாட்டேன். எல்லோரிடமும் வாங்கினால் அது விதி. பெண்ணோடு வருபவரிடம் வாங்காமல், ஆணோடு வருபவரிடம் மட்டும் வாங்கினால் அது அவமதிப்பு. ஒரு விடுதியை எடைபோட இதைவிடச் சரியான தராசு எனக்குத் தெரியவில்லை.

---
பெட்டிச் செய்தி: முன்பதிவுக்கு முன் ஹோட்டலுக்கு எழுத வேண்டியது

என் அறைக்கு இரவில் ஒரு நண்பர் வரலாமா? இதை நேராகக் கேளுங்கள். நீங்கள் யார், வருபவர் யார் என்று விளக்க வேண்டிய கட்டாயமில்லை.

வந்தால் கட்டணம் உண்டா? இருவருக்கான அறை எடுத்திருந்தாலும் உண்டா?

என்ன அடையாள அட்டை வேண்டும்? (வருபவரும் வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.)

எத்தனை மணி வரை அனுமதி?

பதில் எழுத்தில் வரட்டும். அதைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். இரவுப் பணியில் இருப்பவருக்கு விதி தெரியாமல் போகும்போது அந்தக் கடிதம்தான் பேசும்.
---

சாவிக் குறியீடு மட்டும் போதும் என்ற மயக்கம்

ரிசப்ஷனுக்குப் பயந்தவர்கள் போய் நிற்கும் இடம், நாள் வாடகைக்கு விடப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பு. 'காண்டோ' என்பார்கள். உரிமையாளரைப் பார்க்க வேண்டியதில்லை, கதவுக்கான எண் கைப்பேசிக்கு வந்துவிடும், நீச்சல் குளம்கூட உண்டு. படத்தில் பார்த்தால் இதைவிட அந்தரங்கமான இடம் கிடையாது என்றே தோன்றும்.

பாங்காக்கில் கதை வேறு. குடியிருப்பு வீடுகளை 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது, உரிமம் இல்லாத பட்சத்தில், ஹோட்டல் சட்டத்துக்கு விரோதம். பல காண்டோ கட்டடங்களின் நுழைவாயிலிலேயே 'நாள் வாடகைக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைத்திருப்பார்கள். ஆகவே அங்கே நீங்கள் முறையான விருந்தாளி அல்ல. யாராவது கேட்டால் உரிமையாளரின் நண்பர் என்று சொல்லச் சொல்லி அவரே முன்கூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியிருப்பார். காவலாளி உங்களையே சந்தேகத்தோடு பார்க்கும் கட்டடத்தில், நள்ளிரவில் இன்னொருவரை அழைத்து வருகிறீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். புகார் போனால் உங்கள் பக்கம் நின்று பேச ஆள் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வந்தவர் யார் என்பதற்கு அங்கே எந்தப் பதிவும் இல்லை. அவருடைய பெயரே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டேட்டிங் செயலியில் இருப்பது ஒரு படமும் ஒரு புனைபெயரும். அவர் போன அடுத்த நிமிடம் உங்களைத் தடை செய்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். பணம் போனால், பானத்தில் எதையாவது கலந்து கொடுத்திருந்தால், போலீஸிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. மறைவாக இருக்கட்டும் என்று தேடிப் போன இடத்தில், அந்த மறைவு குற்றம் செய்தவருக்குத்தான் உதவுகிறது.

எல்லா வாடகை வீடுகளும் இப்படி என்று பொருளல்ல. உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் நிறைய உண்டு. சமையலறையும் இருக்கும், இரவுக் காவலும் மேசையும் இருக்கும். வாரக்கணக்கில் தங்குபவருக்கு ஹோட்டலைவிட அவை நல்லவை. கீழே ஒரு மனிதர் இருக்கிறாரா, அவரிடம் ஒரு பதிவேடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒற்றைக் கட்டிலா, இரட்டைக் கட்டிலா?

ஜோடியாகப் போகிறவர்களுக்கு வரும் சங்கடம் இன்னொரு வகை. பெரிய கட்டில் உள்ள அறையை முன்பதிவு செய்துவிட்டுப் போய் நிற்கும் இரண்டு ஆண்களைப் பார்த்து, 'தவறுதலாகப் பதிவாகியிருக்கும், இரண்டு கட்டில் அறைக்கு மாற்றித் தருகிறேன்' என்று ரிசப்ஷனில் இருப்பவர் உதவ வருவார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். 'வேண்டாம், இதுவே போதும்' என்று சொல்ல வேண்டியது இவர்கள். சொல்லத் தயங்கி, விடுமுறை முழுக்க இரண்டு கட்டிலில் படுத்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

இந்தக் கட்டில் விவகாரம் ஒருமுறை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2008 செப்டம்பரில் கார்ன்வால் கடற்கரை ஊரான மராஸியனில், மார்ட்டின் ஹால், ஸ்டீவன் பிரெடி என்ற இணையர் முன்பதிவு செய்திருந்த பெரிய கட்டில் அறையைத் தர ஒரு சிறு ஹோட்டலின் உரிமையாளர்கள் மறுத்தார்கள். திருமணமான ஆண்-பெண் ஜோடிக்கு மட்டுமே அந்த அறை, அது எங்கள் மத நம்பிக்கை என்றார்கள். இணையர் வழக்குப் போட்டார்கள். 2011-ல் பிரிஸ்டல் நீதிமன்றம் இருவருக்கும் சேர்த்து 3,600 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம்பிக்கை உரிமையாளரின் சொந்த விஷயம், காசு வாங்கி அறை கொடுப்பது என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு விதி வைக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். இரண்டு ஆண்கள் ஒரு அறை கேட்டால் எந்த லாட்ஜும் புருவத்தை உயர்த்தாது. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் கேட்டால்தான் பிரச்சினை. கோவையில் அப்படித் தங்கியதைக் காரணம் காட்டிச் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில், கல்யாணமாகாத ஜோடி ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆண்கள் சேர்ந்து தங்க நம் ஊரில் கிடைக்கும் சுதந்திரம், அவர்கள் என்னவாக இருக்கக்கூடும் என்று எவரும் நினைக்காததால் கிடைப்பது. யாராவது ஒருவர் நினைக்கத் தொடங்கிய கணத்தில் அது போய்விடும். 'விசிட்டர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை உடனே நினைவுக்கு வரும். வெளிநாட்டில் தேட வேண்டியது இன்னும் உறுதியான ஒன்றை. தெரிந்த பிறகும் மாறாத மரியாதையை.

அந்த மரியாதைக்காகவே உருவான விடுதிகளும் உண்டு. 2003-ல் பார்சிலோனாவின் எய்ஷாம்பிள பகுதியில் திறந்த ஆக்ஸல் ஹோட்டல், தன்பாலீர்ப்பாளர்களை முதல் வாடிக்கையாளராக வைத்து, மற்றவர்களையும் வரவேற்கும் விடுதியாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பிறகு வேறு நகரங்களுக்கும் கிளை விட்டது. அதற்கு முன், 1960களின் நடுவில் அமெரிக்காவில் பாப் டாம்ரன் சட்டைப் பைக்குள் அடங்கும் முகவரிப் புத்தகம் ஒன்றைப் போட்டார். 1970 முதல் 'ஸ்பார்டகஸ்' கையேடு உலக நகரங்களைத் தொகுத்தது. எந்தக் கதவைத் தட்டினால் அடி விழாது என்ற தகவலுக்கே ஒரு தலைமுறை காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியது. இன்று புக்கிங் டாட் காம் 2021 முதல் நடத்தும் 'டிராவல் ப்ரவுட்' திட்டத்தில் பயிற்சி எடுத்த விடுதிகளின் பக்கத்தில் ஓர் அடையாளம் தெரியும். நல்லதுதான். ஆனால், அந்த அடையாளம் ஊழியர்கள் பயிற்சி எடுத்ததைத்தான் சொல்லும். இரவில் நண்பர் வரலாமா என்பதை அது சொல்லாது. வாசலில் வானவில் கொடி பறந்தாலும் அதே கதைதான். நம்மவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கே விடுதி என்று ஊரறிந்த பெயர் பில்லில் அச்சாகி வருவதே சிலருக்கு ஆபத்து. அவர்களுக்குக் கொடி இல்லாத, விதி தெளிவான சாதாரண ஹோட்டலே நல்லது.

கோலாலம்பூரில் இதே வேலையைச் செய்யக்கூடாது

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம் துணை நிற்கும் நாடுகளுக்கு. சட்டமே எதிரியாக இருக்கும் நாட்டில் கணக்கு அடியோடு மாறும். உலகில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்னும் குற்றம். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போகும் ஊர்கள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன 377-ஆம் பிரிவுகள் அங்கே உயிரோடு இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறையும் சவுக்கடியும் தண்டனை. அதற்கு மேல், முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும் ஷரியா சட்டங்களை மாநிலங்கள் வைத்திருக்கின்றன. மத அமலாக்கத் துறையினர் ஹோட்டல் அறைகளில் சோதனை நடத்துவதும் அங்கே புதிதல்ல. கோலாலம்பூரில் அறை எடுக்கும் நம்மவர், தான் முஸ்லிம் அல்ல, தனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நினைத்துக்கொள்ளலாம். அறைக்கு வரும் மலாய் நண்பருக்கு அது பொருந்தும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அதே ஊரில் இருந்தாக வேண்டும். விடுதியைத் தேர்ந்தெடுப்பவர் தன் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இந்தோனேசியாவில் ஆச்சே மாகாணத்தில் பிரம்படி உண்டு. மற்ற இடங்களில் தன்பாலுறவுக்கு நேரடித் தடை இல்லாவிட்டாலும், ஆபாசத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போலீஸ் வரும். 2017 மே மாதம் ஜகார்த்தாவில் ஒரே இரவில் 141 ஆண்களைப் பிடித்தார்கள். 2026 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம், திருமணத்துக்கு வெளியே உள்ள உறவையே குற்றமாக்குகிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் புகார் செய்தால் மட்டுமே வழக்கு என்பதால், சுற்றுலாப் பயணிகளின் கல்யாணச் சான்றிதழை எவரும் கேட்கப் போவதில்லை என்று பாலித் தீவின் ஆளுநர் அந்தச் சட்டம் நிறைவேறியபோதே விளக்கம் சொன்னார். பயணிக்கு அது ஆறுதல்தான். உள்ளூர் நண்பருக்கு அங்கேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

இத்தகைய நாடுகளில் நண்பரின் பெயர் எழுதப்பட்ட அதே பதிவேடு, உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடும். செயலியில் பேசுபவர் போலீஸ்காரராகவும் இருக்கலாம். அதனால் என் தீர்ப்பு நேரானது: அங்கே அறைக்கு எவரையும் அழைக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு வரும் முன்பே கைப்பேசியிலிருந்து செயலிகளையும் உரையாடல்களையும் நீக்கிவிடுங்கள். ஊரைப் பாருங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள், திரும்புங்கள்.

---
பெட்டிச் செய்தி: நாட்டுக்கு நாடு

சிங்கப்பூர்: 377ஏ பிரிவை நீக்கும் சட்டம் 2022 நவம்பரில் நிறைவேறியது. ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை.

தைவான்: 2019 மே 24 முதல் திருமண உரிமை. ஆசியாவில் முதல் நாடு.

இலங்கை: 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் உள்ளன. இவற்றை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாலத்தீவு, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார்: குற்றம். ரிசார்ட் எவ்வளவு ஆடம்பரமானாலும் சட்டம் அதே சட்டம்தான்.
---

ஏதாவது நடந்துவிட்டால்

தன்பாலீர்ப்புப் பயணிகளைக் குறிவைப்பவர்கள் ஒன்றை நம்பித்தான் இறங்குகிறார்கள். இவர் புகார் செய்ய மாட்டார் என்பதை. பெரும்பாலும் அவர்கள் நம்பிக்கை வீண்போவதில்லை. பணம், கடிகாரம், கைப்பேசி எல்லாம் போன பிறகும், 'யாரை அறைக்கு அழைத்தாய்?' என்ற கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அடுத்த வாரம் அதே ஆள் அடுத்த பயணியைத் தேடுகிறான்.

தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸின் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். அங்கே தன்பாலுறவு குற்றமில்லை என்பதால், நடந்ததை நடந்தபடி சொல்வதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். ஆம்புலன்ஸுக்கு 1669. பாஸ்போர்ட் பறிபோனால் முதலில் போலீஸ் புகாரின் நகலை வாங்கிக்கொண்டு, சுகும்விட் 23-ஆம் சந்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும். பாஸ்போர்ட் எப்படித் தொலைந்தது என்பதற்குத் திருடு போனது என்ற பதில் போதும். பாஸ்போர்ட்டின் நகலை மின்னஞ்சலிலும் அச்சிலும் வைத்திருங்கள், அசல் அறையின் லாக்கரில் இருக்கட்டும்.

உடல் சம்பந்தமான அவசரம் வேறு. பாதுகாப்பில்லாத உறவோ, ஆணுறை கிழிந்ததோ, விருப்பமில்லாமல் நடந்ததோ எதுவானாலும், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் 'பெப்' மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பாங்காக்கில் ராஜதம்ரி சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் 'அனானிமஸ் கிளினிக்' 1991 முதல் இயங்குகிறது. பெயரைச் சொல்லாமலே பரிசோதனை செய்துகொள்ள வழி வைத்த இடம் அது. வெளிநாட்டவரும் போகலாம். திங்கட்கிழமை சென்னைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு 72 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த மருந்தால் பயனில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, ஊர் திரும்பிய பிறகு தொடங்கும் மிரட்டல். 'படம் இருக்கிறது, பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு அனுப்புவேன்' என்று வாட்ஸ்அப்பில் வரும். முதல் தவணையைக் கொடுத்தால் இரண்டாவது நிச்சயம். கொடுக்காதீர்கள். உரையாடலை அழித்தும் விடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் பணம் பறிக்கும் மிரட்டல் தனிக் குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் 377-க்கு இணையான பிரிவே கிடையாது. ஆக, இந்தியாவில் புகார் கொடுப்பவர் மீது பாயச் சட்டம் இல்லை, மிரட்டுபவர் மீது பாய இருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930. நம்பகமான ஒரு நண்பரையோ வழக்கறிஞரையோ உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

சுற்றுலா நிறுவனங்களுக்கு

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் பாங்காக் பேக்கேஜ் விற்கும் நிறுவனங்கள் தேனிலவு ஜோடிக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன, மூத்த குடிமக்களுக்கு ஒன்று, சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று. தனியாகப் போகும் ஆணுக்கு, 'ஜாலியாப் போய்ட்டு வாங்க சார்' என்ற கண்சிமிட்டலோடு சரி. அந்தக் கண்சிமிட்டலுக்குப் பின்னால் இருப்பவர் தன் உண்மையான கேள்வியை எப்படிக் கேட்பார்? உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஹோட்டலின் பெயருக்கு எதிரேயும் ஒரு வரி சேருங்கள்: இரவில் விருந்தாளி வரலாம், வரக்கூடாது, கட்டணம் இவ்வளவு. எல்லோருக்கும் பொதுவாக அச்சிடுங்கள். தேவைப்படுபவர் யாரிடமும் தன்னை விளக்காமல் படித்துக்கொள்வார். இதற்கு ஒரு காசு செலவில்லை.

பயணம் போகும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் ஒன்று. ஊர்க்காரர் கண்ணில் படாமல் இருக்க என்ன வேண்டுமோ செய்யுங்கள், அது உங்கள் உரிமை. ரிசப்ஷனில் இருப்பவரிடம் மட்டும் ஒளியாதீர்கள். இன்றிரவே ஹோட்டலுக்கு அந்த நான்கு கேள்விகளையும் எழுதிப் போடுங்கள். பதில் தராத இடத்துக்கும், பதிலில் மழுப்பும் இடத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.